கப்பித்தான் முறுக்கு தூக்கிப்போன ழ

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மிளகாய் மல்லி அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில் அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்துவந்தது. கீழே மில் ஓடத் தொடங்கினால் மேலே முதல் வகுப்பு மொத்தமும் தும்மும். ஐம்பத்தேழாம் வருடத் தொடக்கத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்த அல்போன்சம்மாள், தும்மலுக்கு நடுவே பாடம் நடத்தச் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். ஒழுகும் கூரை, மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர் என்று எல்லாவற்றுக்கும் பழகிவிட்டாள். அவளால் சமாளிக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. அது ழ.

வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அந்த எழுத்து கையில் நிற்கவில்லை. பாதிப் பேர் ள போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். மீதிப் பேர் ம எழுதி, அதற்கு வால் ஒட்டினார்கள். வாலை எந்தப் பக்கம் சுருட்டுவது என்பதில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஆட்டிறைச்சிக் கடைக்காரர் மகன் அஸ்மத் எழுதிய ழ, அவன் அப்பா கடையில் கொக்கியில் தொங்கும் தொடைக்கறி மாதிரியே இருந்தது.

ஜூலை மாதத்தில் ஒரு நாள், நல்ல மழை. கரும்பலகையில் பெரிதாக ழ எழுதிவிட்டு, "எல்லாரும் பாத்து எழுதுங்க," என்று திரும்பினாள் அல்போன்சம்மாள். முன் பெஞ்சில் கண்மணி கையைத் தூக்கினாள். பஃபலோ ரோட்டுப் பக்கம் மாடு வைத்துப் பால் விற்பவரின் மகள். ஆறு வயது. பேச்சு மட்டும் அறுபது வயது. அந்த ஊர் வழக்கப்படி வாக்கிய முடிவில் ஒரு 'லா' வேறு.

"டீச்சர், ல இருக்கு. ள இருக்கு. அப்புறம் எதுக்கு இது வேற? ரெண்டு போதும் லா."

"போதாது. எழுது."

"எங்க அப்பாவுக்கு இது எழுதத் தெரியாது டீச்சர். ஆனா மாடு எல்லாம் நல்லாத்தான் பால் குடுக்குது."

வகுப்பு சிரித்தது. அல்போன்சம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும். அது சிவந்தது. டஸ்டரை எடுத்தாள். கரும்பலகையில் இருந்த ழவை ஒரே தேய்ப்பில் அழித்தாள்.

"வேணாம்ல? சரி, விடுங்க. அது போயிடுச்சு. அவன் தூக்கிட்டுப் போயிட்டான்."

"யாரு டீச்சர்?"

யார் என்று அவளுக்கும் தெரியாது. அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சின்ன வயதில் அவள் சாப்பிட மறுத்த நாளெல்லாம் அவர் சொல்லி மிரட்டிய பெயர் தானாக நாக்கில் வந்து விழுந்தது.

"லானுன்," என்றாள்.

கடற்கொள்ளைக்காரனுக்கு மலாயில் லானுன் என்று பெயர். அந்த வட்டாரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பயப்படாமல் சோறு தின்று வளர்ந்த பிள்ளை கிடையாது. வகுப்பு கப்சிப் என்று ஆனது. மில்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

"நம்ம ழவையா?" என்று மெதுவாகக் கேட்டான் பின் பெஞ்சுச் சிலுவைராஜ். ஒரு நிமிஷத்துக்கு முன்பு வரை அது யாருக்கும் வேண்டாத எழுத்து. இப்போது 'நம்ம' ழ ஆகிவிட்டது. அல்போன்சம்மாள் அதைக் கவனித்தாள். கையில் டஸ்டரோடு அப்படியே மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு மணி அடிக்கும்வரை கேள்விகள்தான். அவனுக்குக் கண் எத்தனை? இரண்டு, ஆனால் ஒன்று தூங்கும்போதும் மூடாது. கப்பல் எங்கே நிற்கும்? பிளாக்கான் மாத்தித் தீவுக்குப் பின்னால். அந்தப் பெயருக்கே மலாயில் 'பின்னால் சாவு' என்றுதானே அர்த்தம். மீசை உண்டா? உண்டு. முறுக்கு மீசையா? முறுக்கு மீசைதான். பிள்ளைகளுக்கு மீசை மறைந்து தின்கிற முறுக்கு நினைவுக்கு வந்தது. கப்பல் தலைவன் என்றால் கப்பித்தான்; அன்று முதல் அவன் பெயர் கப்பித்தான் முறுக்கு.

"எழுத்தைத் திருடி அவன் என்ன டீச்சர் பண்ணுவான்?"

"அவனுக்கு எழுதத் தெரியாது. எழுத்து இருந்தா எழுத வந்துடும்னு நினைக்கிறான்."

"மக்கு," என்றாள் கண்மணி.

"அதை அவனுக்கே எழுதிச் சொல்லேன்."

அப்படித்தான் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடைக் கால்வாய் ஓடியது. அது ரோச்சோர் கால்வாயில் சேரும், ரோச்சோர் கடலில் சேரும். கடிதத்தைச் சோடா பாட்டிலில் போட்டு, தக்கை வைத்து அடைத்து அங்கே விட்டால் கப்பித்தானுக்குப் போய்விடும் என்று டீச்சர் சொன்னாள். பென்சிலைக் கண்டாலே வயிறு வலிக்கிற பிள்ளைகள் அன்று எச்சில் தொட்டுத் தொட்டு எழுதினார்கள்.

எழுத ஆரம்பித்ததும்தான் சிக்கல் தெரிந்தது. கண்மணி பாதியில் பென்சிலை வைத்துவிட்டு அழாத குறையாக எழுந்தாள்.

"டீச்சர், நீ ஒரு கழுதைன்னு எழுதணும். முடியல."

"ஏன்?"

"ழு அவன்கிட்டல்ல இருக்கு!"

வகுப்பே இடி விழுந்தது மாதிரி உட்கார்ந்துவிட்டது. திட்டுவதில் தலைசிறந்த சொல் பறிபோயிருந்தது. "களுதைன்னு எழுதிடவா?" என்று கேட்டான் அஸ்மத்.

"எழுதலாம். ஆனா களுதைன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. அவன் படிச்சுட்டுச் சிரிப்பான்."

சிரிக்க விடக்கூடாது என்று முடிவானது. ழ இல்லாத வசவுகளைத் தேடினார்கள். குரங்கு கிடைத்தது. பன்றி கிடைத்தது, அதற்கு எந்த றி என்று பெஞ்சுக்குப் பெஞ்சு சண்டை நடந்தது. எருமையை மட்டும் கண்மணி விடவில்லை. "எருமை நல்லது டீச்சர். எங்க வீட்டுல மூணு இருக்கு." கடைசியில் கழுதை இருக்கவேண்டிய இடத்தில் க எழுதி, ஓர் எழுத்துக்கு இடம் விட்டு, தை எழுதினார்கள். திருட்டுப்போன எழுத்துக்கு இடம் காலியாக இருப்பதுதான் மரியாதை என்று பட்டது.

ஆளாளுக்கு ழவின் படம் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் டீச்சர் சொன்னாள். காணாமல்போன பிள்ளை திரும்பி வந்தால் அடையாளம் தெரியவேண்டுமே. அதனால் தினமும் ஒரு பக்கம் ழ வரைந்தார்கள். வால் சரியான பக்கம் சுருண்டது. அஸ்மத்தின் தொடைக்கறிகூட நாலு நாளில் எழுத்தாகிவிட்டது.

முதல் கடிதம் போன மறுநாளே கப்பித்தானின் பதில் வந்தது. அல்போன்சம்மாள் இடக்கையால் எழுதியது. எல்லா ழவும் தன்னிடமே இருக்கிற திமிரில் அவன் அதை வாரி இறைத்திருந்தான்.

'குழந்தைகழே, நழமா? நான் ரொம்ப நழ்ழவன். தினமும் பாழும் பழமும் சாப்பிடுகிறேன். உங்கழ் ழ எழ்ழாம் என் கப்பழிழ் மூட்டை மூட்டையாக இருக்கிறது. முடிந்தாழ் வந்து எடுங்கழ்.'

அவள் எழுத்து பிசகாமல் அதை வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் பெஞ்சிலிருந்து உருண்டார்கள். "பாழும் இல்ல, பாலும்! அதுக்கு ல லா!" என்று பால்காரர் மகள் கத்தினாள். கப்பித்தானின் கடிதத்தைத் திருத்துவதுதான் அன்றைய பாடம். சிவப்புப் பென்சிலுக்கு அடிதடி. ஒரு பெரிய ஆளின் எழுத்தில் தப்புக் கண்டுபிடிக்கிற சுகம் என்ன என்பது அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே தெரிந்துபோயிற்று.

கஷ்டம் அல்போன்சம்மாளுக்குத்தான். பள்ளி விட்டதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கால்வாய் ஓரம் இறங்கி, குடைக் கைப்பிடியால் பாட்டிலைக் கொக்கி போட்டு இழுக்கவேண்டும். சனிக்கிழமை ஓபிர் ரோட்டு மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவள், இதைப் பொய் என்று சொல்வதா, கதை என்று விட்டுவிடுவதா என்று யோசித்து, கதைதான் என்று தீர்மானித்து, கால்வாயைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு நாள் அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு குரல்.

"ஏதேனும் விளுந்துவிட்டதா டீச்சர்?"

தலைமையாசிரியர் தங்கராஜு. எந்நேரமும் வெள்ளைக் கோட்டு, எந்நேரமும் இலக்கணச் சுத்தமான பேச்சு. சோறு போடச் சொல்வதைக்கூட மேடையில் சொல்வதுபோல் சொல்வார் என்று பெயர். பிள்ளைகளுக்கு அவர் பெரிய சார்.

"கம்மல் சார்," என்றாள் அல்போன்சம்மாள். இரண்டு காதிலும் இரண்டு கம்மலும் இருந்தன.

"அடடா. கவலை வேண்டாம். காவல்காரரை விட்டுத் தினமும் தேடச் சொல்கிறேன்," என்றார் அவர். சொன்னதைச் செய்கிறவர். காவல்காரர் ஒலி முகம்மது மறுநாளிலிருந்து கையில் வலைக்கூடையோடு அந்தக் கால்வாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் தேநீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்துப் பாட்டிலை எடுப்பது அல்போன்சம்மாளுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அத்தோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கதை சொல்கிறவர்களுக்கு வருகிற ஆசை அவளுக்கும் வந்தது. இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றலாமே என்று, ஒரு வெள்ளிக்கிழமை கப்பித்தான் பெயரில் இப்படி எழுதிவிட்டாள்: 'ஞாயிறு இரவு சிராங்கூன் சாழைக்கு வருகிறேன். கண்ணிழ் படுகிற ழ எழ்ழாம் என்னுடையது.'

பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

*

திங்கட்கிழமை காலை பள்ளி மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தார் செல்லக்கண்ணு. மளிகைக்கடை முதலாளி, வட்டாரத் தமிழர் சங்கத்தின் செயலாளர். அந்தச் சனிக்கிழமை ஃபேரர் பார்க் பக்கத்துத் திடலில் சங்கத்தின் தமிழ் விழா. ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அதில் ஒன்றைச் சுவரோடு கிழித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பாருங்க சார்! இதைப் பாருங்க!"

'மாபெரும் தமிழ் விழா' என்று அச்சடித்திருந்த இடத்தில், தமி மட்டும் நின்றது. பக்கத்தில் வி நின்றது, அதற்கு அப்பால் துணைக்கு யாரும் இல்லாமல் ஒரு கால். சொற்பொழிவுக்கு நடுவிலும் ஓட்டை. 'தலைமையாசிரியர் தங்கராஜு, தமிழின் அழகு பற்றிப் பேசுவார்' என்ற வரியில் இரண்டு ஓட்டை. ழ இருந்த இடத்திலெல்லாம் சின்னச் சதுரக் காகிதம், சோற்றுப் பருக்கையால் ஒட்டியது.

"நாப்பது சுவரொட்டி சார்! ஒண்ணு விடல. பழக்கடை போர்டு, கோழிக்கடை போர்டு, அதையும் விடல. தமிழை அழிக்கணும்னே எவனோ பண்ணியிருக்கான். எவன்னு எனக்குத் தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து நாடக மன்றத்துக்காரன்தான். போன வருஷம் மேடை குடுக்கலல்ல? இன்னைக்குச் சாயந்தரம் ஆளுங்களோட போய்க் கேக்கப்போறேன்."

தலைமையாசிரியரின் முகம் சிவந்தது. உடனே மணி அடிக்கச் சொன்னார். எல்லா வகுப்பும் கூடத்தில் கூடியது. அவர் நாற்காலியில் ஏறி நின்று, சுவரொட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முழங்கினார்.

"மாணவர்களே! உலகத்தில் எந்த மொளிக்கும் இல்லாத சிறப்பு நம் தமிளுக்கு உண்டு. அது இந்த ளகரம்! இதை மறைத்தவன் யாராக இருந்தாலும் தமிளின் பகைவன்!"

அல்போன்சம்மாள் தன் வகுப்பைப் பார்த்தாள். பகைவர்கள் எல்லோரும் வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து பெரிய சாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நாளும் காதில் விழாமல் போனது இன்று விழுந்திருந்தது. பத்து நாளாக ழவைத் தேடித் தேடி அலைந்த காதுகள். கண்மணி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர்," என்று கிசுகிசுத்தாள், கண்ணில் நீர் முட்ட. "ஊர்ல இருந்த ழ எல்லாத்தையும் நாங்க மூடி வச்சோம் டீச்சர். பெரிய சார் வாயை மூட மறந்துட்டோம். அவன் உள்ள பூந்து எடுத்துட்டுப் போயிட்டான்."

அல்போன்சம்மாள் பதில் சொல்வதற்குள், ஆசிரியர்கள் எல்லோரும் செல்லக்கண்ணுவோடு போய்ச் சுவரொட்டிகளைப் பார்வையிட்டு வரவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. வெயிலில் சந்து சந்தாக நடந்தாள். சந்தேகத்துக்கு இடமில்லை. சதுரக் காகிதங்கள் எல்லாம் நாலு கோடு போட்ட காப்பி நோட்டுத் தாள். ஒரு சதுரத்தின் ஓரத்தில் அவளே சிவப்பு மையில் போட்ட 'நன்று' தெரிந்தது. செல்லக்கண்ணு அதை உற்றுப் பார்த்து, "திமிரைப் பாருங்க டீச்சர், நன்றுன்னு வேற எழுதியிருக்கான்," என்று பல்லைக் கடித்தார்.

சாயந்தரத்துக்குள் நாடக மன்றத்துக்காரர்கள் அடி வாங்கப் போகிறார்கள். வேலை போனாலும் பரவாயில்லை என்று தீர்மானித்து, பள்ளிக்குத் திரும்பி, நேராகத் தலைமையாசிரியர் அறைக்குள் போனாள். போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவர் மேசைமேல் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சோடா பாட்டில் இருந்தது.

"ஒலி முகம்மது கால்வாயில் எடுத்தாராம்," என்றார் தங்கராஜு. "கம்மல் இல்லை. இது இருந்தது."

பாட்டிலிலிருந்து எடுத்த காகிதத்தை அவளிடம் நீட்டினார். டீச்சர் இல்லாத நேரத்தில், யாரும் சொல்லாமல், முதல் வகுப்பு தானாக உட்கார்ந்து எழுதிய கடிதம் அது. கண்மணியின் கை. ஒரு தப்பு இல்லை.

'கப்பித்தான் முறுக்கு, எங்கள் பெரிய சார் வாயில் இருந்து நீ திருடிய எ த்தைத் திருப்பிக் கொடு. அவர் பாவம். தமிள் என்று சொல்கிறார். அது தெரிந்தால் அவர் அ வார். எங்களுடையதை நீயே வைத்துக்கொள். அவருடையதை மட்டும் கொடு.'

எழுத்திலும் அழுவாரிலும் முறையாக இடம் விட்டிருந்தது.

அல்போன்சம்மாள் நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். லானுன், கால்வாய், இடக்கை எழுத்து, சுவரொட்டி, நாடக மன்றம் எதையும் விடவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். கீழே மில் ஓடத் தொடங்கியது. இருவரும் தும்மினார்கள்.

"இருபது வருடம்," என்றார் அவர் கடைசியில். மேடைக் குரல் காணாமல் போயிருந்தது. "என் நாக்கில் அது வராது டீச்சர். சின்ன வயதில் கூளாங்கல்லை வாயில் போட்டுப் பார்த்தேன், விளுங்கியதுதான் மிச்சம். அந்த எளுத்து வருகிற இடத்தில் ஒரு கணம் நின்று, மூச்சு பிடித்து, சத்தமாகத் தாண்டிவிடுவேன். அதனால்தான் இடி மாதிரி பேசுகிறேன் என்று பேர் வந்தது. ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. பாதி ஊர் இப்படித்தானே பேசுகிறது."

"சார், பிள்ளைங்க கேலி பண்ணல..."

"தெரிகிறது. 'அவர் பாவம்' என்று எளுதியிருக்கிறார்கள்." காகிதத்தைத் திருப்பி ஒரு முறை பார்த்தார். "இது முதல் வகுப்பா? 'திருப்பிக் கொடு' என்பதில் ஒற்று மிகுந்திருக்கிறது. நாலாம் வகுப்பிலேயே விட்டுவிடுகிறார்கள்."

"நான் ராஜினாமா எழுதித் தரட்டுமா சார்?"

"அதில் ஒற்றுப் பிளை இருந்தால் எனக்குக் கோபம் வரும். போங்கள். செல்லக்கண்ணுவிடம் நான் பேசிக்கொள்கிறேன். சனிக்கிளமை அந்தச் சொற்பொளிவை மட்டும் எப்படித் தாண்டப் போகிறேன் என்று தெரியவில்லை. தலைப்பைப் பார்த்தீர்களா? அவர்களே போட்டுவிட்டார்கள். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன்."

செல்லக்கண்ணுவிடம் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. நாடக மன்றத்துக்காரர்கள் அடி வாங்கவில்லை.

மறுநாள் கப்பித்தானின் கடைசிக் கடிதம் வந்தது. அல்போன்சம்மாள் விடிய விடிய யோசித்து எழுதியது. எல்லாருடைய ழவையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. ஆனால் உங்கள் பெரிய சாருடையது மட்டும் என் கை தவறிக் கடலில் விழுந்துவிட்டது, மீன் விழுங்கிவிட்டது, இனி நீங்கள்தான் உங்களுடையதை அவருக்குக் கொடுக்கவேண்டும். ஆளுக்கு ஒரு நல்ல ழ எழுதி அவர் கையில் கொடுப்பார்கள், அவர் சந்தோஷப்படுவார், கதை முடியும் என்பது அவள் கணக்கு. இந்தக் கடிதத்தில் ழ எல்லாம் அதன் அதன் இடத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"எப்பக் குடுக்கணும் டீச்சர்?" என்று கேட்டான் சிலுவைராஜ்.

"அவருக்கு வேணுங்கிறப்ப குடுக்கலாம்," என்றாள் அவள், அடுத்த பாடத்தைப் புரட்டிக்கொண்டே.

அன்று சாயந்தரமே பிள்ளைகள் தெருவில் இறங்கிச் சதுரங்களைப் பிய்த்தார்கள். சதுரத்தோடு அடியில் இருந்த ழவும் பிய்ந்து வந்தது. அதனால் கரித்துண்டால் அவர்களே எழுதினார்கள். நாற்பது சுவரொட்டியிலும் பூசணிக்காய் அளவிலிருந்து புளியங்கொட்டை அளவு வரை விதவிதமான ழ. செல்லக்கண்ணு ஒன்றின் முன்னால் நெடுநேரம் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டு, "வால் சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

சனிக்கிழமை திடல் நிறைந்திருந்தது. கச்சான் பூத்தே விற்கிறவன், வேகவைத்த கடலையைக் கூம்புக் காகிதத்தில் சுருட்டி நீட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் நெளிந்தான். தங்கராஜுவுக்குக் காய்ச்சல் வரவில்லை. வெள்ளைக் கோட்டோடு மேடையில் உட்கார்ந்திருந்தார், முகம் கோட்டைவிட வெளுத்திருந்தது. முன்வரிசைப் பாயில் முதல் வகுப்பு. அல்போன்சம்மாள் அவர்களுக்குப் பின்னால். பிள்ளைகள் கையில் காகிதம் எதுவும் கொண்டுவரவில்லையே என்று அப்போதுதான் கவனித்தாள்.

அவர் எழுந்தார். ஒலிபெருக்கி கீச்சிட்டது.

"பெரியோர்களே, தாய்மார்களே. இன்று நான் பேச வந்திருப்பது நம் தமி..."

வழக்கம்போல ஒரு கணம் நின்று மூச்சுப் பிடித்தார்.

"ழ்!" என்று கத்தியது முதல் வகுப்பு.

திடல் திடுக்கிட்டது. மேடை ஓரத்தில் இருந்த செல்லக்கண்ணு துண்டை உதறிக்கொண்டு பாதி எழுந்தார். அல்போன்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். வேணுங்கிறப்ப குடுக்கலாம் என்று சொன்னது அவள்தான். அவருக்கு வேண்டியிருந்தது, அவர்கள் கொடுத்தார்கள்.

தங்கராஜு குனிந்து பாயைப் பார்த்தார். கண்மணி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், போங்க சார், நாங்க இருக்கோம் என்கிற மாதிரி. அவர் கையை உயர்த்திச் செல்லக்கண்ணுவை உட்காரச் சொன்னார்.

"இந்த மொ..." என்றார், பரிசோதித்துப் பார்ப்பவர்போல.

"ழி!"

"இதன் ப..."

"ழ!" "ழு!" "ழம்!" என்று மூன்று விதமாக வந்தது. கூட்டம் சிரித்தது. "பழமை," என்று பின்னால் யாரோ ஒரு அம்மாள் எடுத்துக்கொடுத்தார். தங்கராஜு சிரித்தே யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு போன போக்கே வேறு. இருபது வருடமாகத் தாவித் தாவிக் கடந்த பள்ளங்களைத் தேடித் தேடிப் போய் நின்றார். மழை என்றார், இல்லை, ம என்று நிறுத்தினார், திடல் மழையைக் கொடுத்தது. குழந்தை, வாழை, ஆழம், யாழ். ஐந்தாவது நிமிடத்தில் பெரியவர்களும் சேர்ந்துவிட்டார்கள். ழ வராத நாக்குக்காரர்கள் ள என்று கத்தினார்கள், அவர்களைப் பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். அஸ்மத் ஒரு மீசைக்காரரிடம் எழுந்தே போய், நாக்கை மடித்துக் காட்டிவிட்டு வந்தான். கடைசியில் தங்கராஜு இரண்டு கையையும் தூக்கி, "தமி... வா..." என்று நிறுத்தியபோது எழுந்த சத்தத்தில், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்த டிராலி பஸ்ஸை டிரைவர் நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

செல்லக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தலைமையாசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இத்தனை வருஷமா கூட்டம் போடறோம் சார். ஜனங்க கொட்டாவி விடத்தான் வாயைத் திறந்து பாத்திருக்கேன். என்ன டெக்னிக் சார் இது!"

தங்கராஜு அவரை அனுப்பிவிட்டு, மேடைக்குப் பின்னால் நின்றிருந்த அல்போன்சம்மாளிடம் வந்தார். கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

"இது உங்கள் ஏற்பாடா டீச்சர்?"

"சத்தியமா இல்ல சார். கப்பித்தான் எழுதினது. உங்களோடது கடல்ல விழுந்துடுச்சு, மீன் முழுங்கிடுச்சு, அதனால நீங்க குடுங்கன்னு..."

"மீனா?" அவர் அதை யோசித்தார். "என்ன மீன்?"

"அஸ்மத் பாறை மீன்னு சொல்றான் சார்."

"பாரை," என்று திருத்தினார். "சின்ன ர. பரவாயில்லை, நல்ல மீன்தான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நடந்தார்.

திங்கட்கிழமை முதல் மணிக்கே அவர் முதல் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னார். நன்றி என்று ஒரு சொல் சொல்லப் போகிறார் என்று அல்போன்சம்மாள் நினைத்தாள். அவரோ சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, கரும்பலகை நடுவில் நிதானமாக ஒரு ழ எழுதினார். அச்சில் வார்த்த மாதிரி எழுத்து. வாயில் வராத எழுத்தை இருபது வருடமாகக் கையால் எழுதி எழுதிப் பழகியவரின் ழ.

கண்மணி பெஞ்சிலிருந்து இறங்கிக் கரும்பலகைப் பக்கம் போனாள். கழுத்தைச் சாய்த்து, கீழேயிருந்து மேலே பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சார். வால் மட்டும் கொஞ்சம் நீளமாப் போச்சு."

தங்கராஜு பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். பிறகு அல்போன்சம்மாளிடம் டஸ்டரைக் கேட்டு வாங்கி, அதை அழித்துவிட்டு மறுபடியும் எழுதினார்.